கார்லாம்மாவும் காணாமற்போன சாலட்டும்

பாப்பனங்கோடு,
திருவனந்தபுரம்.
செவ்வாய், மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம்.

என் மகள் ஆர்ஷாவுக்கு, சித்தப்பா யோசுவா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து எழுதுவது. இங்கே கர்த்தருடைய கிருபையால் எனக்கு நாக்கு நுனி தொடங்கி உள்ளங்கால் வரை சுகம், உன் சித்தி ரத்னாபாய்க்கு வலது முட்டு ஒன்றைத் தவிர மிச்சமெல்லாம் சுகம், கடையில் கயிறு சுகம், தார்ப்பாய் சுகம், மீன்வலைக்கு மட்டும் எலி கடித்துக் கொஞ்சம் சுகக்குறைவு. நீயும் அங்கே இத்தாலியில், பாதுவாவில், குளிருக்கு மூக்கு சிவக்காமல், ஆஸ்பத்திரி வேலையில் இடுப்பு ஒடியாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்கு உறங்கிச் சுகமாயிருக்க வேண்டும் என்று காலை ஜெபத்தில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். சித்தியும் கேட்கிறாள். வாய்விட்டுக் கேட்பதில்லை, ஆனால் உன் பெயருக்கு உதடு அசைவதை ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தை இங்கிருந்து ஊர் திரும்பி உன் கையில் தருகிறவர் உன் வருங்கால மாமியார் கார்லாம்மாவேதான். போனில் சொல்லியிருப்பேன், ஆனால் நான் மூன்றாவது வாக்கியம் போகுமுன் நீ சிரித்துவிடுவாய், எனக்குக் கதையின் வேகம் போய்விடும். உறையை நான் ஒட்டவில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது என்ற நம்பிக்கையில் அல்ல, வீட்டில் பசை இல்லை. இப்போது வலது கை எழுதிக்கொண்டிருப்பதால் இடது கையை உயர்த்திச் சத்தியம் செய்கிறேன்: இனி வரப்போகும் வரலாற்றை ஒருவரும் நம்பமாட்டார்கள். நீ நம்பமாட்டாய், உன் மத்தேயோ நம்பமாட்டான், பாதுவா நகரசபை கூடித் தீர்மானம் போட்டாலும் நம்பமாட்டார்கள். முப்பத்தெட்டு வருஷமாக ஆரியசாலையில் கயிறு விற்கிறவன் வாயிலிருந்து வேறு எதை எதிர்பார்ப்பார்கள்.

வரலாறு என்றால் தெரிந்ததையும் எழுதத்தான் வேண்டும். ஆகையால் எழுதுகிறேன். போன அக்டோபரில் நீ வீடியோவில் வந்து, கூட வேலை பார்க்கிற மத்தேயோவைக் கட்டிக்கொள்ளப் போகிறேன், மே மாதம் அங்கேயே கல்யாணம், இரண்டு பேரும் வரவேண்டும் என்று சொன்னாய். உன் சித்தி போனை மேசைமேல் குப்புற வைத்தாள். உன் அப்பா, என் அண்ணன், காலமான பிறகு ஐந்து வயதில் ஒரு தகர டப்பா நிறைய நெல்லிக்காயோடு எங்கள் வீட்டுக்கு வந்த உன்னை, அன்றிலிருந்து ஒரு நாள் விடாமல் திட்டி வளர்த்தவள், நாலு மாதமாக உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நீ போன் பண்ணினால் கொல்லைக்குப் போய்விடுகிறாள். அங்கே இத்தனை வேலை இருக்கிறதென்று எனக்கே இப்போதுதான் தெரியும். காரணம் கேட்டேன். "வெள்ளைக்காரன்னு நான் ஒண்ணும் சொல்லல்ல. ஆர்.சி.ல்லா அவன்" என்றாள். பெயரைப் பார், மத்தேயோ, நம்முடைய மத்தேயுவேதான், மார்த்தாண்டம் சந்தையில் நின்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்றேன். பத்துப் பேரும் நம்ம சபைக்காரனாக்கும் என்றாள். அதையும் நான் தாண்டியிருப்பேன், ஆனால் அடுத்து ஒன்று சொன்னாள், அதற்கு இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை. "அவங்க திங்கியது நமக்கு ஆக்கத் தெரியாது, நாம ஆக்கியது அவங்களுக்குத் திங்கத் தெரியாது. பொறவு என்னத்துக்கு இந்தச் சம்மந்தம்? நான் வரல்ல."

இந்த நிலவரத்தில்தான் கார்லாம்மா முதுகுவலி வைத்தியத்துக்குக் கோவளம் வந்து சேர்ந்தார். பதினாலு நாள் எண்ணெயில் ஊறப்போட்டு, கஞ்சியும் கசாயமும் நெய்யும் தவிர வேறொன்றும் காட்டாமல் வைத்திருந்தார்கள். வைத்தியம் முடிந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நம் வீட்டில் சாப்பாடு என்று நீ ஏற்பாடு செய்தாய். சித்திக்குத் தெரியாமல் எனக்கு ஒரு குரல் செய்தியும் அனுப்பினாய். காரம் அவருக்கு ஆகாது சித்தப்பா, ஒரு பச்சை இலைக்காக ஏங்கிக்கிடக்கிறார், பெரிதாக ஒன்றும் வேண்டாம், லெட்டூஸ் வாங்கு, கழுவு, நல்லா ஈரம் போக உலர்த்து, கையால் பிய்த்துப் போடு, உப்பு, கொஞ்சம் வினிகர், ஒலிவ எண்ணெய், அதுவும் தட்டில் வைப்பதற்குச் சற்று முன்னால், அவ்வளவுதான், தயவுசெய்து சித்தி அதைத் தாளிக்காமல் பார்த்துக்கொள் என்றாய். நான் அந்தச் செய்தியை ஏழு தடவை கேட்டேன். எட்டாவது தடவை சித்தி பின்னால் நின்று கேட்டாள். அன்று சாயங்காலம் தேங்காய் திருகிக்கொண்டிருக்கும்போது, என்னிடம் அல்ல தேங்காயிடம், "முதல்முதலா வீடு ஏறி வாறவளுக்கு ஆட்டுத்தீனி. நல்லாருக்கு" என்றாள்.

இந்த ஒரு சாப்பாடு சரியாக நடந்தால் சித்தியின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும், பிசகினால் மே மாதம் நான் ஒற்றை ஆளாக விமானம் ஏறவேண்டும் என்று எனக்குத் தெரிந்துபோனது. ஆகவே சனிக்கிழமை விடியற்காலை, போருக்குப் போகிறவன்போல் மீசையைச் சீவிக்கொண்டு சாலைக் கடைத்தெருவுக்குப் புறப்பட்டேன். கிழக்கு வாசலில் தொடங்கி மேற்கே முடிய நானூறு காய்கறிக் கடையில் கேட்டேன். கடைசியில் நம் கடைக்கு எதிரே தள்ளுவண்டி போடுகிற வேல்சாமி, அவன் திருநெல்வேலிக்காரன், உலகத்திலுள்ள எல்லாக் காயும் தன் வண்டியில் பிறந்ததென்று நினைப்பு, ஒரு முட்டைக்கோசை எடுத்து நீட்டினான். இது கோசு வேல்சாமி, நான் கேட்பது லெட்டூஸ் என்றேன். "வெளித்தோலு நாலு உரிச்சுப் போட்டா இதுதான் அது, அண்ணாச்சி. சாப்பிடுறவங்க என்ன ஆதார் கார்டா கேக்கப் போறாங்க?" என்றான். பிறகு பெரிய மாலுக்குப் போனேன். அங்கே லெட்டூஸ் என்பது கண்ணாடிப் பெட்டிக்குள் குளிரூட்டி, மேலே மெல்லிய மழை தூவி, ராஜகுமாரியைப்போல் படுக்கவைத்திருக்கிற ஒரு வஸ்து. ஒவ்வொன்றும் யானைக்குட்டியின் தலை அளவு. நாலு தலை எடுத்தேன். அங்கே வேலை செய்கிற ரெஷ்மா என்ற பெண், அங்கிள் இதைத் தேங்காய் போட்டு வதக்கித் தோரன் வைத்துவிடக் கூடாது கேட்டோ, பச்சையாகத்தான் சாப்பிடவேண்டும் கேட்டோ என்று மலையாளத்தில் இரண்டு தடவை எச்சரித்தாள். என் முகத்தைப் பார்த்தாலே தேங்காய் திருகுகிறவன் என்று தெரிகிறது போலும். ஒலிவ எண்ணெய் ஒரு குப்பியும் அங்கேயே வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். அதுதான் நான் செய்த முதல் பிழை. உனக்குத் தெரியும், இந்த ஊரில் எல்லை தாண்டி வருகிற எந்த இலையையும் ஒருவரும் நம்புவதில்லை, பாண்டிநாட்டுக் காய், அதாவது தமிழ்நாட்டுக் காய், முழுக்க மருந்தடித்தது என்று பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும். உன் சித்தி மார்த்தாண்டத்தில் பிறந்தவள், தானே எல்லை தாண்டி வந்தவள்தான், இருந்தும் கறிவேப்பிலையைக்கூடக் குற்றவாளியைப்போல்தான் விசாரிப்பாள். நான் குளித்துவிட்டு வந்தபோது ஊட்டியிலிருந்து வந்த நாலு ராஜகுமாரிகளும் மஞ்சளும் புளியும் கரைத்த தண்ணீரில் அண்டாவுக்குள் அமுங்கிக் கிடந்தார்கள். ஒரு மணி நேரம் கிடக்கவேண்டுமாம், அப்போதுதான் விஷம் இறங்குமாம். விஷம் இறங்கியதோ இல்லையோ உயிர் இறங்கிவிட்டது. கல்யாணப் பெண்ணுக்கு நலங்கு வைத்தது மாதிரி மஞ்சள் நிறத்தில் துவண்டு கிடந்ததை, ஆட்டுக்குத்தான் போடவேண்டும் என்று அடுத்த வீட்டுத் தாசம்மாளின் ஆட்டிடம் கொண்டுபோனேன். ஆடு முகர்ந்து பார்த்தது. பிறகு என் முகத்தை வெகுநேரம் பார்த்தது. அந்தப் பார்வையில் இருந்த இரக்கத்தை என்னைப் பெற்றவர்களிடம்கூட நான் கண்டதில்லை. திரும்பவும் மாலுக்குப் போய் இன்னும் நாலு தலை வாங்கினேன். தோரன் எப்படி இருந்தது என்று ரெஷ்மா கண்ணால் கேட்டாள்.

இந்தத் தடவை நானே கழுவினேன், சித்தியை அடுப்படிக்கு வெளியே நிறுத்தி. இனி உலர்த்தவேண்டும். இத்தாலியில் இதற்கென்று சுற்றுகிற பாத்திரம் இருக்கிறதாம், கார்லாம்மா பிறகு கையால் காட்டினார். எனக்குப் பாத்திரம் எதற்கு, விழிஞ்ஞத்தில் பாதிப் படகுகளுக்கு வலை கொடுக்கிறவன் நான். பொடிமீன் பிடிக்கிற சிறுகண்ணி வலையில் ஒரு பை முடிந்து, நாலு தலையையும் பிய்த்து உள்ளே போட்டு, மொட்டை மாடியில் ஏறி நின்று, தலைக்குமேல் சுற்றினேன். ஆர்ஷா, முதல் பத்துச் சுற்றில் தண்ணீர் தெறித்து இரண்டு தெருவுக்குச் சாரல் அடித்தது, ஜனங்கள் காயப்போட்ட துணியை எடுக்க ஓடினார்கள். இருபதாவது சுற்றில் எழும்பின காற்றில் அந்தத் துணிகளெல்லாம் கையிலேயே காய்ந்துவிட்டன. முப்பதாவது சுற்றில் ஒரே ஒரு இலை வலைக்கண்ணி வழியாகப் பிய்த்துக்கொண்டு தெற்கே பறந்தது. விழிஞ்ஞம் துறைமுகத்தில் பெட்டி இறக்கிக்கொண்டிருந்த ஒரு பெரிய கப்பலில், கேப்டன் சூப் குடிக்க உட்கார்ந்த கிண்ணத்தில் அது போய் இறங்கியதாகவும், அவர் அதைச் சமையல்காரனின் கைத்திறன் என்று நினைத்துச் சம்பளத்தை உயர்த்தியதாகவும் கேள்வி. தாசம்மாள் கீழிருந்து அண்ணாந்து பார்த்து, "அண்ணனுக்கு என்ன பற்றி, என்ன ஆச்சு?" என்று சித்தியிடம் கேட்டது மட்டும் எனக்குக் காதில் விழுந்தது. சித்தி, "இத்தாலிக்குப் போவதுக்கு எளகுதாராக்கும்" என்றாள், நான் புறப்படுகிறேனாம்.

இதுவரை வெற்றி. இலை மொரமொரவென்று, கண்ணாடித் துண்டுபோல், பெரிய உருளி நிறைய நின்றது. ஈரத்துணி போட்டு மூடி இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் காத்தேன். இனி நடந்ததற்கு உன் சித்தி பொறுப்பல்ல, வேல்சாமி பொறுப்பல்ல, நான் ஒருவனே பொறுப்பு, வரலாற்றில் அப்படியே பதிந்துகொள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்குப் புறப்படும்போது, நம் பாஸ்டர் பிரசங்கத்தை ஆரம்பித்தால் நிறுத்தும் வழி அவருக்கே தெரியாதே, திரும்பி வந்து அவசரமாகக் கலக்குவானேன் என்று தோன்றியது. சற்று முன்னால் என்று நீ சொன்னாய், உண்மை, ஆனால் எனக்கு அறுபத்து மூன்று வயது, பச்சடியானாலும் ஊறுகாயானாலும் ஊறினால்தான் ருசி என்று படித்து வளர்ந்த நாக்கு. நேற்றுப் பிறந்தவள் உனக்கென்ன தெரியும் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டு உப்பைத் தூவினேன், வினிகரை ஊற்றினேன், ஒலிவ எண்ணெய்க் குப்பியைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டுவரை வடித்தேன், நன்றாகப் பிசைந்து மூடிவைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்த் தாழ்மையைப் பற்றி ஒன்றேகால் மணி நேரம் பிரசங்கம் கேட்டேன்.

திரும்பி வந்து மூடியைத் திறந்தேன். உருளி காலி. முதலில் திருடன் என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால் அடியில் பாசி நிறத்தில் ஒரு குளம், குளத்தின் ஓரத்தில் ஒரு கரண்டி அளவு, மழையில் நனைந்த கைக்குட்டையைப் பிழிந்து வைத்தது மாதிரி ஒன்று. நாலு யானைக்குட்டி, ஆர்ஷா. ஒரு கரண்டி. சித்தி என் தோளுக்குமேலே எட்டிப் பார்த்தாள். அவள் சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன், திட்டியிருந்தால் தேனாக இருந்திருக்கும். "நான் சொன்னேம்லா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, கோயிலுக்குப் போன சேலையைக்கூட மாற்றாமல் நெய்மீன் பொரிக்கப் போய்விட்டாள். அவள் அந்தச் சாலட்டைச் சொல்லவில்லை. கல்யாணத்தைச் சொல்கிறாள் என்று எனக்கு விளங்கியது. அந்த நேரம் வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

கார்லாம்மா இறங்கினார். முகத்தில் பாதியை மறைக்கிற கறுப்புக் கண்ணாடி, பதினாலு நாள் எண்ணெயில் மினுங்குகிற தோல், தோள் குலுங்கச் சிரிப்பு. அவர் இத்தாலியனில் பேசினார், சித்தி தமிழில் பேசினாள், இருவரும் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை, பேசவேண்டியதைப் பேசி முடித்துத்தான் நிறுத்தினார்கள். சித்தி ஒரு முன்னெச்சரிக்கைக்காக எழுபத்திரண்டு வகை வைத்திருந்தாள், இந்த எண்ணிக்கையில் அப்பளத்தைச் சேர்க்கவில்லை. நெய்மீன் பொரித்ததை உன் மாமியார் ஆசையோடு ஒரு வாய் வைத்தார். பிறகு மூக்கிலும் கண்ணிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் வந்து, கோவளத்தில் அவருக்கு இறக்கிய அத்தனை எண்ணெயும் வெளியே வந்துவிடும்போல் ஆயிற்று. அவியலைத் தொட்டார், தலையை ஆட்டினார், மரியாதையாகத் தண்ணீர் குடித்தார், மறுபடி தண்ணீர் குடித்தார். சித்தி எதிரே நின்று அந்தத் தண்ணீர்த் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொன்னது அப்படியே நடக்கிறது, ஆனால் ஜெயித்தவள் முகமாக அது இல்லை. விருந்தாளி பட்டினியாக எழுந்து போவது அவளுக்குச் சாவுக்குச் சமம், உனக்கே தெரியும்.

கைகழுவக் கொல்லைப்பக்கம் காட்டினேன். போனவர் திரும்பவில்லை. முதுகு பிடித்துக்கொண்டதோ என்று நாங்கள் இரண்டுபேரும் ஓடினால், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் உன் மாமியார் தரையில் குந்தி உட்கார்ந்து, சித்தியின் கொல்லையில் களை பறித்துக்கொண்டிருக்கிறார். சித்திக்கு முகம் செத்துவிட்டது. வந்த விருந்தாளி களை பறிக்கிற அளவுக்கா கொல்லையைப் போட்டு வைத்திருக்கிறேன் என்று என் கையைக் கிள்ளினாள். ஆனால் கார்லாம்மா ஒரு பிடியைத் தூக்கிக் காட்டி, வாயில் ஒரு கொழுந்தைப் போட்டு மென்று, கண்ணை மூடி, பதினாலு நாளில் முதல்முறையாகச் சாப்பிட்டவர்போல் ஒரு பெருமூச்சு விட்டார். பருப்புக்கீரை, மகளே. கல்லிடுக்கில் தானாக முளைக்கிற, தண்டு சிவந்த, குண்டு இலைப் பருப்புக்கீரை, இங்கே கொழுப்பச்சீர என்பார்களே, அதேதான். சித்தி வாரத்துக்கு ஒரு தடவை பிடுங்கி வெளியே எறிவாள். உன் மாமியாரின் அம்மா வீட்டில் கோடைக்காலத்தில் அதைத்தான் பச்சையாகச் சாலட் போடுவார்களாம், நெஞ்சைத் தொட்டு, தன்னுடைய அம்மாவின் உயரத்தைக் கையால் காட்டி, கண்ணைத் துடைத்து, அரைமணி நேரம் விளக்கினார். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. சித்திக்கு எல்லாம் புரிந்தது. முட்டுவலிக்காரி அவளும் குந்தி உட்கார்ந்துவிட்டாள், இரண்டு பெண்களும் சேர்ந்து கொல்லையைப் புல் ஒன்றில்லாமல் சுத்தம் செய்தார்கள். எது களை எது கீரை என்று சித்தி காட்டினாள், மூன்று தடவை அவர் கையிலிருந்து தப்பான செடியைப் பிடுங்கி எறிந்து, புறங்கையில் ஒன்று போடவும் செய்தாள். உன் மாமியாரை அடித்தவள் என்று ஊரில் சொல்லாதே.

கீரையைக் கழுவும்போது நான் குறும்புக்கு மஞ்சளும் புளியும் எடுத்துக் கொடுத்தேன். "நம்ம மண்ணுல முளைச்சது. அதுக்கு என்னத்துக்கு?" என்றாள். உப்பு இருந்தது, வினிகர் ஊறுகாய்க்கு வைத்தது இருந்தது, எண்ணெய் இல்லை, முழுக் குப்பியையும்தான் நான் தாழ்மைப் பிரசங்கத்துக்கு முன் கவிழ்த்துவிட்டேனே. தேங்காயெண்ணெயை நீட்டினேன், அவர் முகர்ந்துவிட்டுச் சிரித்துத் தள்ளிவைத்தார், அது கோவளத்தில் தலைக்கு ஊற்றின வாசனை. கயிற்றுக்குப் போடுகிற எண்ணெய் கடையில் பீப்பாய் கணக்கில் இருக்கிறது என்றேன், ஒருவரும் என்னைக் கவனிக்கவில்லை. அப்போது சித்தி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அலமாரிச் சாவிச் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் விரல் உயரக் குப்பி. பாஸ்டர் எருசலேமுக்குச் சுற்றுலா போய் வந்தபோது வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தாரே, அந்த ஜெப எண்ணெய், அதுவும் ஒலிவ எண்ணெய்தான். எனக்குக் காய்ச்சல் நூற்றுநாலு வந்தபோதுகூட ஒரு சொட்டு தரமாட்டேன் என்று பாரசிட்டமால் கொடுத்தவள். மூன்று வருஷத்துக்கு முன் நீ விமான நிலையத்துக்குப் புறப்பட்ட அன்று உன் நெற்றியில் வைத்ததோடு சரி, பிறகு அந்த மூடி திறக்கவேயில்லை. அதைக் கொண்டுவந்து கார்லாம்மாவின் கையில் கொடுக்காமல், தானே கீரைமேல் கவிழ்த்தாள். பாதிக் குப்பி. சபைக்காரர் எண்ணெய் ஆர்.சி. சாலட்டில் விழுந்த அந்த நொடியில் மேலே பறந்த இரண்டு புறாக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன, நான் கண்ணால் கண்டேன். மூன்று வருஷப் பழசு, கொஞ்சம் மக்கல் வாடை. உன் மாமியாரின் புருவம் ஒரு நூல் உயர்ந்தது, உடனே இறங்கியது. நல்ல குடும்பத்துப் பெண் என்று அந்தப் புருவத்திலேயே நான் தீர்மானித்தேன்.

கையால் புரட்டினார்கள், உடனே சாப்பிட்டார்கள். நீ சொன்ன அந்தச் சற்று முன்னால் என்பதன் பொருள் எனக்கு அப்போது விளங்கியது. கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் வழவழப்பு, பல்லில் நறுக்கென்று உடைகிறது. கார்லாம்மா உருளியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு ஏக்கர் கீரையைத் தின்றார். முடிவில் ஒரு பிடி எடுத்துச் சித்தியின் வாய்க்கு நேராக நீட்டினார். பிறந்ததிலிருந்து வேகாத இலையை வாயில் வைக்காதவள் உன் சித்தி. தாசம்மாளின் ஆடுகூட மேய்வதை நிறுத்தியது. வாங்கிக்கொண்டாள். மென்றாள், மென்றாள், வேதபாடம் ஒப்பிக்கிறவள்போல் மேலே பார்த்துக்கொண்டு மென்றாள். "உப்பு கொறவு" என்றாள். போய் உப்பை எடுத்து வந்து போட்டுக்கொண்டு இன்னும் ஒரு பிடி எடுத்தாள்.

சாப்பிட்டு முடித்துக் கார்லாம்மா போனை எடுத்து ஒரு வீடியோ காட்டினார். உன் பெயரை மட்டும் சொன்னார், வேறொன்றும் விளக்கவில்லை. அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை, பத்துப் பேர் கையில் முள்கரண்டியோடு, நடுவில் நீ கண்ணை மூடிச் சித்தி சொல்லிக்கொடுத்த சாப்பாட்டு ஜெபத்தைத் தமிழில் நிறுத்தி நிறுத்திச் சொல்கிறாய், முடிந்ததும் எல்லாரும் ஆமென் என்கிறார்கள். உன் மத்தேயோ ஒருவன் மட்டும் கண்ணை மூடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான், இதை நான் குறித்துவைத்திருக்கிறேன், மே மாதம் நேரில் விசாரிப்பேன். சித்தி மூன்று தடவை போடச்சொல்லிப் பார்த்தாள். ஆட்டோ வந்து உன் மாமியார் போன பிறகு, நீ அந்த ஜெபத்தில் ஒரு வரியை விட்டுவிட்டாய் என்று மாத்திரம் சொன்னாள். ஆகவே அந்த வரியைக் கடிதத்தின் பின்பக்கத்தில் அவள் கையெழுத்திலேயே எழுதி வாங்கியிருக்கிறேன், பார்த்துக்கொள். நாலு மாதத்துக்குப் பிறகு உனக்கு வருகிற முதல் வார்த்தை அது, திட்டுப்போலத்தான் படும், கவலைப்படாதே.

மற்றபடி ஊரில் விசேஷம் ஒன்றுமில்லை. சைக்கிளில் போகும்போது போனை எடுக்காதே, இரவு வேலை முடிந்து வெறும் காப்பியைக் குடித்துவிட்டுப் படுக்காதே, கழுத்தை மூடிக்கொள், அங்குள்ள குளிர் முதலில் கழுத்தில்தான் கடிக்குமாம். மத்தேயோவை அதிகம் திட்டாதே, கல்யாணத்துக்குப் பிறகு திட்ட மிச்சம் வை. கார்லாம்மாவின் பெட்டியில் ஒரு பொதி பருப்புக்கீரை விதை இருக்கிறது, சித்தி கொடுத்தது, விமான நிலையத்தில் பிடித்தால் உனக்கும் எனக்கும் ஒன்றும் தெரியாது. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கை தொடுகிற நோயாளிகளெல்லாம் எழுந்து நடப்பார்களாக, உன் வீட்டு அடுப்பு அணையாதிருப்பதாக. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, நம் நேரம், போன் பண்ண மறந்துவிடாதே. அன்றைக்கு அவள் கொல்லைக்குப் போகமாட்டாள், அங்கே பறிக்க ஒன்றும் மிச்சமில்லை.

இனி மேலே எழுதியதில் எது மெய் எது புளுகு என்று நீ கேட்பாய். கப்பலைத் தள்ளிவிடு, புறாவைத் தள்ளிவிடு, ஆட்டின் பார்வையைக் கொஞ்சம் குறைத்துக்கொள், எழுபத்திரண்டைப் பதினொன்றாக்கு. உனக்குப் பிரியமில்லாததையெல்லாம் எடுத்தெறி, எனக்கு வருத்தமில்லை. இன்னும் எழுதாத ஒரு சின்ன விஷயத்தை மட்டும் ஒரு இழைகூடத் திரிக்காமல் எழுதுகிறேன், இது நடந்தது. நேற்றுச் சாயங்காலம் உன் சித்தி துணி மடித்துக்கொண்டிருந்தாள். என் சட்டையை மடித்தாள், அதை விரித்து மறுபடி மடித்தாள். பிறகு தலை நிமிராமல், "மே மாசம் அங்க குளிருமா?" என்று கேட்டாள். எந்தக் கேள்விக்கும் நேராகப் பதில் சொல்லிப் பழக்கமில்லாத நான், பனி யானை உயரம் விழும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. பெரிதாகக் குளிராது, இருந்தாலும் ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கோ என்றேன். சரி என்றாள்.

இப்படிக்கு,
ஆரியசாலைக் கயிற்றுச் சக்கரவர்த்தியும், லெட்டூஸ் சம்ஹாரமூர்த்தியும்,
உன் அன்புச் சித்தப்பாவுமாகிய
ஜே. யோசுவா